சிரியாக் மொழி வாசிக்கத் தெரிந்தவர்கள் உதவ முடியுமா?

எல்லோருக்கும் வணக்கம். விவிலியத்தில் சேராத ‘தோமாவின் பணிகள்’ நூலில், அராமிய மொழியின் ஒரு வகையான சிரியாக்கில் உள்ள ‘முத்தின் பாடலை’த் தமிழாக்கம் செய்துகொண்டிருக்கிறேன். பாம்பு காக்கும் முத்தை எடுத்துவர எகிப்துக்குப் போன இளவரசன், தான் யார் என்பதையே மறந்து தூங்கிவிடுகிறான். வீட்டிலிருந்து வந்த கடிதம் கழுகாகப் பறந்துவந்து, அவன் பக்கத்தில் இறங்கி, முழுக்கப் பேச்சாகவே மாறிவிடுகிறது. அந்த இடத்துக்காகவே இந்த வேலையைத் தொடங்கினேன்.

வில்லியம் ரைட் 1871இல் வெளியிட்ட பதிப்பின் ஆங்கிலத் தொகுதி என்னிடம் இருக்கிறது. சிரியாக் மூலப்பாடம் உள்ள தொகுதிதான் சிக்கல். என்னிடம் உள்ள பிடிஎஃப்பில் இந்தப் பக்கங்கள் மங்கிப்போய், எழுத்துக்கு மேலே உள்ள புள்ளிகளே தெரியவில்லை. பல சொற்களில் ஒருமையா பன்மையா என்பதை அந்த இரண்டு புள்ளிகள்தான் சொல்லும்! சரி, வேறு படியோடு ஒப்பிடலாம் என்றால், சிரியாக்கில் இந்தப் பாடல் கிடைத்திருப்பது பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ள ஒரே கையெழுத்துப் படியில்தான்.

தெளிவான ஸ்கேன் யாரிடமாவது இருக்கிறதா? அப்புறம், கோட்டயம் பக்கம் சிரியாக் படித்தவர்கள் யாரையாவது தெரிந்தால் அறிமுகப்படுத்துங்கள். பத்துப் பதினைந்து அடிகளை என்னோடு உட்கார்ந்து பார்த்தால் போதும், நானே வந்து சந்திக்கிறேன்.