புதுப்பிப்பு: டென் தவுசண்ட் ஐலண்ட்ஸில் தண்ணீர்ப் பையைக் கடிக்கும் ரக்கூன்

அமெரிக்காவின் புளோரிடாவில், எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தை ஒட்டிய டென் தவுசண்ட் ஐலண்ட்ஸ் தீவுக்கூட்டத்தில் முகாமிடும்போது, மடக்குத் தண்ணீர்ப் பையை ரக்கூன் (மரமேறும் சிறு காட்டு விலங்கு) கடித்து ஓட்டை போடுகிறதே, என்ன செய்வது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி.

பலித்தது கெட்டிப் பிளாஸ்டிக் கேன் யோசனைதான். தீவில் நன்னீர் கிடையாது, ஆளுக்கு நாளைக்கு 1 கேலன் (3.8 லிட்டர்) கணக்கில், 2 பேருக்கு 3 நாளைக்கு 6 கேலன். இரவில் கேன்களைக் கயாக்கின் (துடுப்புப் போடும் சிறு படகு) சாமான் அறைக்குள் வைத்து, அறையின் மூடிமேல் வாரை இறுக்கியாயிற்று. காலையில் மூடிமேல் மணல் அப்பிய கால்தடம், அவ்வளவுதான். கிளையில் தொங்கவிடுவது வீண்; கண்டல் மரம் ஏற ரக்கூனுக்கா சொல்லித்தர வேண்டும்?

எதிர்பாராதது: நோ-சீ-அம் என்ற, கண்ணில் எளிதில் படாத மிகச் சிறிய கடிபூச்சி. சாதாரணக் கொசுவலைக் கண்ணுக்குள் நுழைந்துவிடுகிறது. அதைவிட நெருக்கமான வலையுள்ள கூடாரம்தான் வேண்டும்.