சேலத்தில் தியானம் சொல்லித்தருபவர்கள் உண்டா? தம்பிக்காகக் கேட்கிறேன்

அனைவருக்கும் வணக்கம். என் தம்பி செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறான். குடியை நிறுத்த மருத்துவரிடம் சிகிச்சை பெற்று, இப்போது மாத்திரையில் இருக்கிறான். சனிக்கிழமை மாலை கூலி கைக்கு வந்ததும் தொண்டை வறண்டுவிடும். விரல்கள் சட்டைப் பையையே தடவிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தைத் தாண்டுவதுதான் பெரும்பாடு.

பௌத்தம் பேசுவது இதைத்தான். தொடுகையிலிருந்து உணர்ச்சி, உணர்ச்சியிலிருந்து வேட்கை, வேட்கையிலிருந்து பற்று என்று புத்தர் காட்டிய சங்கிலியில், உணர்ச்சிக்கும் வேட்கைக்கும் நடுவே விழிப்பு நுழைய இடம் இருக்கிறது. வேட்கையை அடக்காமலும் அதற்கு இணங்காமலும், அலை எழுந்து தணிவதைப் போல உடலில் கவனிக்கும் பயிற்சியை அமெரிக்க உளவியலாளர் ஆலன் மார்லட் போதை மீட்புச் சிகிச்சையிலேயே சேர்த்தார். அவனைத் திட்டும் உறவினர்கள் இதை அறிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

விபஸ்ஸனா என்னும் பௌத்தத் தியான முறையைக் கற்றுத்தரும் 10 நாள் முகாமுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் அத்தனை நாள் கூலியை இழக்க எங்களால் முடியாது. சேலத்திலோ ஏற்காட்டிலோ மாலையில் கூடி அமரும், தமிழில் சொல்லித்தரும் குழு ஏதேனும் உண்டா? மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே முகாமில் சேர்ந்தவர்கள் இருந்தால் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள். ஆத்தூர் பக்கம் தியாகனூர் புத்தர் சிலை முன்னால் சற்று நேரம் அமர்ந்து தியானிக்க விடுவார்களா?

மாத்திரையை நிறுத்தச் சொல்லும் யோசனை மட்டும் வேண்டாம். அதை மருத்துவர் பார்த்துக்கொள்வார். ஞாயிறு முழுநாளும், மற்ற நாட்களில் இரவு 7 மணிக்குப் பிறகும் அவனால் வர முடியும்.