சூரியநெல்லிக் கூடாரத்தில் முதுகு விறைக்காமல் தூங்குவது எப்படி?

போடிக்காரன்: போன டிசம்பரில் நாங்கள் நான்கு பேர் போடிமெட்டு ஏறி, மூணாறுக்குப் பக்கத்து மலையூரான சூரியநெல்லி பக்கம் கூடாரம் போட்டோம். காற்று மெத்தை மெத்தென்றுதான் இருந்தது. ஆனால் விடிய விடிய முதுகில் ஐஸ் வைத்த மாதிரி. இரண்டு போர்வை போர்த்தியும் சின்னவள் நடுங்கினாள். காலையில் கூடாரத்துக்குள் சொட்டச் சொட்ட ஈரம்.

கம்பத்து அக்கா: மேலே போர்த்தினீர்கள், கீழே என்ன விரித்தீர்கள்? மெத்தைக்குள் காற்று சுழன்று உடம்புச் சூட்டைத் தரைக்கு இறக்கிவிடும். மெத்தைமேல் கனமான ஜமக்காளம் விரியுங்கள். நாங்கள் டிக்கியில் கோரைப்பாயும் போட்டுக்கொள்வோம்.

போடிக்காரன்: சரி அக்கா, ஈரம்?

குமுளி மாமா: அது உங்கள் நான்கு பேர் மூச்சு, தம்பி. குளிருக்குப் பயந்து ஜிப்பை முழுக்க மூடியிருப்பீர்கள். மேலே ஒரு சாண் திறந்து வையுங்கள். கரி அடுப்பை மட்டும் உள்ளே கொண்டுபோகாதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கு வாசனையே கிடையாது.

கம்பத்து அக்கா: அப்புறம், சரிவென்றால் தலை மேட்டுப் பக்கம். எங்கள் வீட்டுக்காரர் குறுக்கே படுத்து, விடியும்போது என்மேல் கிடந்தார்.