உடம்பு, உடை, கூச்சம்: ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நீங்கள் பார்த்தது என்ன?

நெக்கர்கரை:

இருப்பது ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட் பக்கம். எங்கள் ஆபீசுக்கு அமெரிக்காவின் ஒஹாயோவிலிருந்து ஒருவர் வந்திருந்தார். ஐம்பதைத் தாண்டியவர், தங்கமான மனிதர், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குத் தவறமாட்டார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் டீமில் சிலர் வெந்நீர்க் குளத்துக்குக் கிளம்பினோம், அவரையும் கூப்பிட்டோம். குளம் வரைக்கும் பிரச்சினை இல்லை, அங்கே எல்லோரும் நீச்சல் உடையில்தான். சௌனா, அதாவது அனலில் உட்கார்ந்து வேர்க்கிற மர அறை, அந்தப் பகுதிக்குத் தனிக் கதவு, தனிக் கட்டணம். அதைத் தாண்டினால் நீச்சல் உடை படத்தின் மேல் குறுக்குக் கோடு போட்ட பலகை. ஆண், பெண் எல்லாம் சேர்ந்துதான். மனிதர் முழங்கால் வரைக்கும் தொங்கும் டிரவுசரோடு உள்ளே வந்து நின்றார்.

அவரைத் தடுத்தது எழுபது வயதுப் பாட்டி ஒருவர். உடம்பில் மணிக்கட்டில் மாட்டிய லாக்கர் சாவியைத் தவிர வேறொன்றும் இல்லை. "அதைக் கழற்றிவிட்டு வாருங்கள், இங்கே சுத்தம் முக்கியம்" என்று டிராமில் டிக்கெட் பரிசோதகர் கேட்கிற தோரணையில் ஆங்கிலத்தில் சொன்னார். ஒஹாயோக்காரர் தோட்டத்துப் பக்கம் போய், இடுப்பில் துண்டோடு எலுமிச்சை ஜூஸ் குடித்துக்கொண்டே நேரத்தைக் கழித்துவிட்டார். இரவு என்னிடம் சொன்னது: "மத்தவங்க எப்படி இருந்தாலும் எனக்கென்ன. ஆனா உங்க மேனேஜரம்மாவோட திங்கட்கிழமை உக்காந்து பட்ஜெட் பேசணுமே!" இதை அந்த மேனேஜரிடமே சொன்னேன். அவருக்கு இதில் என்ன சிக்கல் என்றே புரியவில்லை. "சௌனாவில்தான் வேலையைப் பற்றிப் பேசுவதே இல்லையே?" என்றார்.

இதையெல்லாம் 'சுதந்திரம்' என்று கொண்டாடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஜெர்மன் சௌனா அளவுக்குச் சட்டதிட்டம் பார்க்கிற இடம் குறைவு. பாதம் உட்பட மொத்த உடம்பும் துண்டின் மேல் இருக்க வேண்டும், பலகையில் வேர்வை படக் கூடாது. ஆவுஃப்குஸ் என்று ஒன்று உண்டு: சூடான கல்லில் வாசனைத் தண்ணீரை ஊற்றி, துண்டைச் சுழற்றி அனலை எல்லோர் மேலும் வீசுவார்கள். அது நடக்கும்போது கதவைத் திறந்தீர்களோ, தொலைந்தீர்கள். யாரையும் உற்றுப் பார்ப்பது மகா அநாகரிகம். உடை கூடாது என்பதும் அந்த வரிசையில் இன்னொரு விதி, அவ்வளவுதான்.

இரண்டு பக்கமும் பார்த்தவர்கள் எழுதுங்கள். கிளுகிளுப்புக் கதைகள் வேண்டாம்.

ஹூஸ்டன் வெயில்:

சௌனாவை விடுங்கண்ணா, வித்தியாசம் உறைக்கணும்னா டாக்டர்கிட்ட போகணும். கல்யாணமானதும் ஜெர்மனியில கோல்ன்ல இருந்தோம், இப்ப ஹூஸ்டன். பெண்களுக்கான டாக்டரை ரெண்டு ஊர்லயும் பாத்தாச்சு.

ஹூஸ்டன்ல நர்ஸ் ஒரு கவுனும், மேல போத்திக்க ஒரு விரிப்பும் குடுத்துட்டு வெளிய போயிடுவாங்க. டாக்டர் கதவைத் தட்டி, "வரலாமா?"ன்னு கேட்டுட்டுத்தான் வருவார். பரிசோதனைக்கு முன்னாடி துணைக்கு இன்னொரு பெண் ஊழியர் வந்து நிப்பாங்க. விரிப்பை எவ்வளவு விலக்கணுமோ அவ்வளவுதான் விலக்குவார், "இப்ப கை வைக்கப் போறேன்"னு ஒவ்வொண்ணுக்கும் அறிவிப்பு வேற.

கோல்ன்ல கை குலுக்கி, எதிர்ல உக்கார வெச்சு நிதானமா விசாரிச்ச டாக்டரம்மா, "இடுப்புக்குக் கீழ இருக்கறதைக் கழட்டிட்டு வாங்க"ன்னு மூலைல ஒரு தடுப்பைக் காட்டினாங்க. கவுன் இல்லை, போர்வை இல்லை. மேல ஸ்வெட்டர், கால்ல சாக்ஸ், நடுவுல நான். அந்தத் தடுப்புலேர்ந்து நாற்காலி வரைக்கும் நடக்கணும் பாருங்க, அது என்னமோ மவுண்ட் ரோடைக் குறுக்க கடக்கற தூரம். டாக்டரம்மா என்னைப் பாக்கக்கூட இல்லை, கம்ப்யூட்டர்ல எதையோ தட்டிக்கிட்டு இருந்தாங்க. அடுத்த தடவை போறப்ப ஆபீஸ் தோழி ஒரு வழி சொல்லிக் குடுத்தா: நீளப் பாவாடை கட்டிக்கிட்டுப் போ, அதைக் கழட்டவே வேண்டாம். இன்னிக்கும் ஜெர்மனி போற பொண்ணுங்களுக்கு நான் குடுக்கற முதல் யோசனை அதுதான்.

எது மேல்னு கேட்டா, எனக்கு ஹூஸ்டன்தான். ஆனா ஒண்ணு. இவ்வளவு மூடி மூடிப் பாக்கற அதே ஆஸ்பத்திரியில பாத்ரூம் போங்க. கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவுல விரல் நுழையற இடைவெளி, கீழ ஒரு அடிக்குக் கதவே கிடையாது. வெளிய கை கழுவறவங்க முகம் உள்ளேர்ந்து தெரியுது. கோல்ன்ல டாக்டர் ரூம்ல கூச்சப்பட்ட நான், கக்கூஸ்ல ஒரு நாளும் கூச்சப்பட்டதில்லை.

டல்லஸ் டப்பா:

அந்த இடைவெளியைப் பத்தி யாராவது எழுத மாட்டாங்களான்னு காத்துக்கிட்டு இருந்தேன்! எங்க ஆபீசுக்கு வந்த டச்சுக்காரர் ஒருத்தர், கட்டடம் இன்னும் வேலை முடியலையான்னு கேட்டார்.

சிகாகோ பெரியவர்:

அமெரிக்கர்கள் என்றைக்குமே இப்படி என்று எண்ணிவிடாதீர்கள். நான் எழுபதுகளின் தொடக்கத்தில் இங்கு வந்தவன். என்னோடு வேலை பார்த்த, இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த நண்பர்கள் மதியச் சாப்பாட்டின்போது சொன்னதை முதலில் கேலி என்றே நினைத்தேன். அவர்கள் படித்த உயர்நிலைப் பள்ளிகளில் பையன்களுக்கு நீச்சல் வகுப்பு உடையில்லாமல்தான். குளித்துவிட்டு வரிசையில் நிற்க வேண்டும், வாத்தியார் பார்த்த பிறகு தண்ணீரில் இறங்க வேண்டும். பெண்களுக்குத் தனி வகுப்பு, அவர்களுக்கு மட்டும் நீச்சல் உடை. ஒய்.எம்.சி.ஏ. குளங்களிலும் ஆண்களுக்கு அதுவே வழக்கம். பெயரிலேயே கிறிஸ்தவம் உள்ள சங்கம், கவனியுங்கள்.

காரணம் பெரிய தத்துவமெல்லாம் இல்லை. அந்தக் கால நீச்சல் உடை கம்பளி. நூல் பிரிந்து குளத்தின் வடிகட்டியை அடைத்துவிடும், அழுக்கையும் கொண்டுவரும். அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சங்கமே 1926இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் ஆண்கள் உடையின்றி நீந்துவதைப் பரிந்துரைத்தது. 1962இல்தான் அதைக் கைவிட்டது. அதற்குள் நைலான் வந்துவிட்டது, குளோரின் போடும் முறையும் தேறிவிட்டது. 1972இல் கல்வியில் ஆண் பெண் பேதம் கூடாது என்ற சட்டமும் வந்து, வகுப்புகள் சேர்ந்தே நடக்க ஆரம்பித்ததும் அந்தப் பழக்கம் மறைந்தது. சிகாகோவில் எழுபதுகளிலும் சில பள்ளிகளில் இருந்ததாக நண்பர்கள் சொல்வார்கள்.

என் பேரன் இதை நம்ப மாட்டேன் என்கிறான். அவன் பள்ளியில் விளையாட்டு முடிந்தால் ஒருவரும் குளிப்பதில்லை. ஷவர் இருக்கிறது, அதில் பந்துப் பைகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். பையன்கள் சட்டைக்கு மேலேயே வாசனை ஸ்ப்ரே அடித்துக்கொண்டு அடுத்த வகுப்புக்குப் போய்விடுகிறார்கள்.

நெக்கர்கரை:

ஐயா, இது எனக்குப் புதுச் செய்தி. ஜெர்மனியிலும் எல்லா இடத்துக்கும் ஒரே அளவுகோல் இல்லை. சௌனாவில் முழு அம்மணம் சரி என்கிற அதே நாட்டில், பெர்லின் நகர நீச்சல் குளங்களில் பெண்களும் ஆண்களைப் போல மேலுடை இல்லாமல் நீந்தலாம் என்று தெளிவானது 2023இல்தான். அதுவும் ஒரு பெண் புகார் கொடுத்த பிறகு.

டோர்ட்முண்ட் அக்கா:

நாங்கள் இஞ்ச வந்து கனகாலம். எனக்கு இப்ப சௌனாவெல்லாம் பெரிய விசயமில்லை, போறதுமில்லை. பிள்ளையள் விசயத்திலதான் கொஞ்சம் யோசிச்சனான். கிண்டர்கார்டனில வெயில் காலத்தில தண்ணி அடிச்சு விளையாடேக்க சின்னதுகள் எல்லாம் உடுப்பில்லாமல் ஓடித் திரியும். ரீச்சர்மார் அதை ஒரு பொருட்டாவே எடுக்கிறேல்லை. பள்ளிக்கூடம் போனாப் பிறகு ஆம்பிளைப் பிள்ளையள், பொம்பிளைப் பிள்ளையள் எல்லாருக்கும் ஒண்டா நீச்சல் வகுப்பு. முஸ்லிம் பிள்ளை ஒண்டு வரமாட்டன் எண்டு வழக்குப் போட்டு, உடம்பை மூடுற நீச்சல் உடுப்புப் போடலாம், ஆனா வகுப்புக்கு வரத்தான் வேணும் எண்டு 2013இல லைப்சிக் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. எங்கட ஆக்கள் வீடுகளிலயும் அது பெரிய கதையாக் கிடந்தது.

தங்கச்சி நியூ ஜெர்சியில. ஒருக்கா குடும்பத்தோட வந்து நிக்கேக்க பால்டிக் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போனம். அவளின்ர மகளுக்கு அப்ப மூண்டு வயசு. பக்கத்தில ஜெர்மன் குஞ்சுகள் உரிஞ்சாங்குண்டியா மண் கிண்டிக்கொண்டிருக்க, இதுவும் உடுப்பைக் கழட்டி எறிஞ்சிட்டுது. தங்கச்சி பிள்ளைக்குப் பின்னால ஓடி ஓடி நெஞ்சுக்குச் சின்ன மேல்துண்டு கட்டப் பாக்கிறாள். ஒரு ஜெர்மன் அம்மா என்னட்டக் கேட்டா, "அந்தப் பிள்ளைக்கு மறைக்க அங்க என்ன இருக்கு?" எண்டு. தங்கச்சிக்குக் கோவம் வந்திட்டுது. "ஆராவது ஃபோட்டோ எடுத்தா?" எண்டாள். அவள் சொல்லுறதிலயும் ஞாயம் இருக்குத்தான். ஃபோன் எல்லாற்ற கையிலயும் இருக்கிற காலம்.

அந்தக் கரையில கொஞ்சத் தூரம் நடந்தா முழுக்க உடுப்பில்லாத ஆக்களின்ர பகுதி. கிழக்கு ஜெர்மனிக் காலத்தில இருந்து வாற பழக்கம். அரசாங்கம் 1954இல தடை போட்டுப் பாத்தது, சனம் கேக்கேல்லை, ரெண்டு வருசத்தில விட்டிட்டினம். பெர்லின் சுவர் விழுந்த பிறகு மேற்கில இருந்து உல்லாசமா வந்த ஆக்கள்தான் முகம் சுளிச்சவை எண்டு அந்த ஊர் வீட்டுக்காரி இப்பவும் குறை சொல்லுவா.

பனிக்காடு:

ஐரோப்பான்னு மொத்தமா சொல்லாதீங்க பாஸ். நான் ஃபின்லாந்து, தாம்பெரே. அஞ்சரை மில்லியன் ஜனத்துக்கு ஏறக்குறைய மூணு மில்லியன் சௌனா இருக்கற நாடு, 2020ல யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியல்லயும் ஏறியாச்சு. ஆனா முன்னபின்ன தெரியாத ஆணும் பெண்ணும் அம்மணமா ஒண்ணா உக்காரது இங்க வழக்கமில்லை. வீட்டுல குடும்பத்தோட போவாங்க, நீச்சல் குளத்துல ஆணுக்கு ஒண்ணு பொண்ணுக்கு ஒண்ணு. எல்லாரும் சேர்ந்து போற இடமா இருந்தா நீச்சல் உடை போட்டுக்குவாங்க. எங்க டீம் லீட் ஜெர்மனி போயிட்டு வந்து, "என்னய்யா கூத்து இது, துண்டைச் சுத்தி சர்க்கஸ் காட்டறானுங்க"ன்னார்.

இங்க சௌனான்னா மரியாதைப்பட்ட இடம். கெக்கோனென் ஜனாதிபதியா இருந்தப்ப, 1960ல தன்னோட அறுபதாவது பொறந்த நாளைக்கு வந்த சோவியத் தலைவர் குருஷ்சேவை ராத்திரி சௌனாவுக்குக் கூட்டிட்டுப் போய் விடிய விடிய உக்கார வெச்சார். வாஷிங்டன்ல இருக்கற ஃபின்லாந்து தூதரகத்துலயும் சௌனா உண்டு. அமெரிக்கப் பத்திரிகைக்காரங்களும் அரசியல் வட்டாரத்து ஆளுங்களும் அதுக்கு அழைப்பு வந்தா பெருமையா நினைக்கறாங்க. கூச்சமெல்லாம் அழைப்பிதழ் வர்ற வரைக்கும்தான் போல.

கும்பகோணம் குளத்தங்கரை:

வியன்னாவில் நீச்சல் குளத்துப் பொது உடைமாற்று அறை. ஒருவரும் எதையும் மறைக்கவில்லை. நான் மட்டும் நம் ஊர் வழக்கப்படி இடுப்பில் துண்டைக் கட்டி, உள்ளே கையை விட்டு, ஒற்றைக் காலில் நின்று ஜட்டி மாற்றினேன். பக்கத்திலிருந்த தாத்தா அக்கறையாக, "இடுப்பு வலியா?" என்று கேட்டார்.

க்வீன்ஸ் காபி:

நியூயார்க்ல 1992லயே மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லிடுச்சு, பெண்கள் மேலாடை இல்லாம பொது இடத்துல இருந்தா குற்றம் இல்லைன்னு. பூங்காவுல எத்தனை பேரைப் பாத்திருக்கேன்? அனேகமா யாரையும் இல்லை. டைம்ஸ் ஸ்கொயர்ல உடம்புல பெயின்ட் அடிச்சுக்கிட்டு ஃபோட்டோவுக்குக் காசு கேக்கறவங்க உண்டு, அது வியாபாரம். என் கணக்குல வித்தியாசம் இங்கதான் இருக்கு. அமெரிக்காவுல தோல் தெரிஞ்சா அதுக்கு ஏதாவது நோக்கம் இருக்கணும்: காசு, போராட்டம், இல்லேன்னா செக்ஸ். சும்மா வெயில் காயறதுக்கோ குளிக்கறதுக்கோன்னா யாரும் நம்ப மாட்டாங்க.

2004 சூப்பர் பௌல், அதான் அமெரிக்க ஃபுட்பால் இறுதி ஆட்டம், ஞாபகம் இருக்கா? இடைவேளையில பாடின ஜேனட் ஜாக்சன் மார்பு ஒரு வினாடிகூட முழுசாத் தெரியலை. அதை ஒளிபரப்பின சி.பி.எஸ். டிவிக்கு 5,50,000 டாலர் அபராதம். கோர்ட்ல அது கடைசியா நிக்கலை, ஆனா நேரலை ஒளிபரப்புல சில வினாடி தாமதம் வைக்கறது அதுக்கப்புறம் பரவலாச்சு. அதுக்கு ரெண்டு வருஷம் முந்தி வாஷிங்டன்ல நீதித்துறைக் கட்டடத்துல, ஒரு பக்க மார்பு தெரியற நீதி தேவதை சிலைக்கு முன்னாடி 8,000 டாலர் செலவுல திரை தொங்க விட்டாங்க. 2005லதான் எடுத்தாங்க. அதே ஊர் டிவியில ராத்திரி எட்டு மணிக்கு எத்தனை கொலை வேணா பாக்கலாம்.

தொடை தட்டிச் சிரிக்க வேண்டியது ஃபேஸ்புக் கதை. வியன்னா அருங்காட்சியகத்துல இருக்கற வில்லன்டார்ஃப் வீனஸ், சுமார் 30,000 வருஷப் பழசு, உயரம் 11 சென்டிமீட்டர். அந்தக் கல் பொம்மை படத்தை ஆபாசம்னு தூக்கிட்டு, அப்புறம் மன்னிப்புக் கேட்டாங்க. வியன்னா சுற்றுலாத் துறை 2021ல வெறுத்துப்போய், தங்களோட ஊர் ஓவியங்களைக் காட்ட, ஆபாசப் படங்களுக்குப் பேர்போன ஒன்லிஃபேன்ஸ் தளத்துலயே கணக்குத் தொடங்கிடுச்சு.

ஆனா ஒண்ணு, ஐரோப்பாவும் அப்படியே உறைஞ்சு நிக்கலை. பாரிஸ்ல இருக்கற என் மச்சினி சொல்றா, கடற்கரையில மேலாடையைக் கழட்டறது அம்மாக்கள் தலைமுறை, பொண்ணுங்க கழட்டறதில்லைன்னு. 2020ல தெற்குப் பிரான்ஸ்ல போலீஸ்காரங்க சில பெண்களை மூடிக்கச் சொல்லி, அது சண்டையாகி, உள்துறை அமைச்சரே கழட்டறவங்க பக்கம் பேச வேண்டியதாப் போச்சு.

டல்லஸ் டப்பா:

அடுத்த மாசம் குடும்பத்தோட ஐஸ்லாந்து போறோம். அங்க குளிக்காம குளத்துல விட மாட்டாங்களாமே? கதவு வெச்ச ஷவர் கிடைக்குமா? மாமனாரும் வர்றார், அதான் கேக்கறேன்.

ரெய்க்யவிக் காற்று:

ஆமாம். நீச்சல் உடையைப் போடுறதுக்கு முன்னாடியே, உடம்புல ஒண்ணும் இல்லாம சோப்புப் போட்டுக் குளிக்கணும். எங்கெங்க தேய்க்கணும்னு சுவர்ல படம் இருக்கும்: தலை, அக்குள், தொடையிடுக்கு, பாதம். குளத்துல குளோரின் குறைவாப் போடறதால இந்தக் கண்டிப்பு. ஊழியர் ஒருத்தர் பக்கத்துலயே நிப்பார், உடையோட நனைஞ்சுட்டு நழுவப் பாத்தா திருப்பி அனுப்புவார். அப்படித் திரும்பி வர்றவங்கள்ல பெரும்பாலும் அமெரிக்கச் சுற்றுலாக்காரங்களைத்தான் பாத்திருக்கேன். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி அறை, அதனால கவலைப்பட வேண்டாம்.

சுற்றுலாக்காரங்க போற ப்ளூ லகூன் வெந்நீர்க் குளத்துல கதவு வெச்ச ஷவர் இருக்கு. ஊர்க் குளங்கள்லயும் சிலதுல திரை போட்ட மூலை ஒண்ணு இருக்கும், கேட்டா காட்டுவாங்க. மாமனாரை மத்தியான நேரத்துல கூட்டிட்டுப் போங்க, கூட்டம் இருக்காது. சோப்பு அங்கயே இருக்கு. முடிஞ்சு வரும்போது ஷவர் பக்கத்துலயே உடம்பைத் துடைச்சுட்டு லாக்கருக்குப் போகச் சொல்லுங்க. அம்மணமா நடந்தா ஒருத்தரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க, தரையை ஈரம் பண்ணினா நிச்சயம் திட்டு விழும்.