அப்பாவுக்குக் காபி ஷாப்பில் என்ன சொல்லி வாங்குவது?

தங்கச்சிமடத்துப் பொண்ணு:
அப்பா விசைப்படகில் போகிறவர். ஏப்ரல் 15 மீன்பிடித் தடைக்காலம் தொடங்கினால் 61 நாள் படகு கரையில்தான். அப்போதுதான் சென்னைக்கு வந்து என்னோடு தங்குவார். போன வருஷம் ஒரு காபி ஷாப்புக்குக் கூட்டிப்போனேன். பலகையில் இருந்த பெயர் எதுவும் பிடிபடவில்லை, எஸ்பிரெசோ என்று சொல்லிவிட்டேன். சின்னக் கோப்பையில் அடியில் கொஞ்சூண்டு வந்தது. அப்பா ஒரு வாய் குடித்துவிட்டு, "நல்லாத்தான்த்தா இருக்கு" என்று கோப்பையை என் பக்கம் நகர்த்தி வைத்தார். எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. ஊரில் அவர் குடிப்பது கருப்பட்டி போட்ட கடுங்காப்பி, சுடச்சுட. இந்த முறை என்ன கேட்கலாம்?

பாம்பன்காரன்:
தங்கச்சி, மதுரையில் காபி ஷாப் மெஷினில் நாலு வருஷம் நின்றவன் நான். அப்பாவுக்கு அமெரிக்கானோ கேளுங்கள். அதே எஸ்பிரெசோதான், 30 மில்லி இருக்கும். அதில் வெந்நீர் ஊற்றிப் பெரிய கோப்பையில் தருவார்கள். நம் கடுங்காப்பிக்கு அதுதான் கிட்டத்துச் சொந்தம். சர்க்கரை போட்டு வராது, பொட்டலம் தனியாக இருக்கும். சிக்கரியும் கிடையாது, அதனால் முதல் வாய் லேசாகப் புளிக்கலாம்.

பால் காபிதான் என்றால் லாட்டேயில் பால் அதிகம், நுரை மெல்லிசு. கப்புச்சினோவில் நுரை தடிமன், காபி தூக்கலாகத் தெரியும். ஆனால் பாலை நாங்கள் கொதிக்க விடமாட்டோம். 60, 65 டிகிரியிலேயே நிறுத்திவிடுவோம், மேலே போனால் பாலின் இனிப்பு கெட்டுவிடும். நம் ஊர்க்காரர்களுக்கு அது ஆறின காபி. எத்தனையோ பெரியவர்கள் பாதியில் வைத்துவிட்டு எழுந்திருக்கிறார்கள், கேட்டால் "சூடு பத்தல தம்பி" என்பார்கள். அதனால் காசு கொடுக்கும்போதே "எக்ஸ்ட்ரா ஹாட்" என்று சொல்லிவிடுங்கள். அமெரிக்கானோவுக்கு அந்தக் கவலை இல்லை.

சாயல்குடி மருமகள்:
கருப்பட்டியைக் கையோடு கொண்டுபோம்மா. கோப்பையில் கலக்க வேண்டாம், கரைய நேரமாகும். எங்கள் மாமா மாதிரி ஒரு கடி கடித்து ஒரு மடக்குக் குடிக்கட்டும். கடையில் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்.

தங்கச்சிமடத்துப் பொண்ணு:
அண்ணே, அக்கா, நேற்றுப் போனோம். அமெரிக்கானோ ஒன்று, எனக்கு லாட்டே. கருப்பட்டி என்றதும் கவுன்டரில் இருந்த பையன் தானே ஒரு சின்னத் தட்டு கொண்டுவந்து வைத்தான். அப்பா ஊதி ஊதிக் குடித்தார். கடைசிச் சொட்டுக்குக் கோப்பையைச் சாய்த்துப் பிடித்தார்.