பீடி, சிகரெட்டைவிடப் பரவாயில்லையா?

தாராவி மருமகள்:
மாமாவுக்கு நாளைக்கு ஒரு கட்டு பீடி வேண்டும். "இலையில சுத்தினதுதானேம்மா, சிகரெட் மாதிரி இல்ல" என்கிறார். விடியற்காலை அவர் இருமலில் வீடே எழுந்துவிடுகிறது. என்ன சொல்லிப் புரியவைப்பது?

மாட்டுங்கா அண்ணன்:
அந்தப் பேச்சை நம்பாதீங்க. இதே மும்பையில் 1991 முதல் ஆய்வாளர்கள் வாக்காளர் பட்டியலோடு வீடு வீடாகப் போய் ஏறக்குறைய ஒரு லட்சம் பேரைப் பதிவு செய்தார்கள். சில ஆண்டுகள் கழித்து, யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று மறுபடி போய்ப் பார்த்தார்கள். புகையிலையே தொடாத ஆண்களைவிட சிகரெட் பிடித்தவர்களுக்கு மரண அபாயம் 37 சதவீதம் அதிகம். பீடிக்கு 64! இலை சட்டென்று அணைந்துவிடும், அதனால் இழுத்து இழுத்துப் பிடிக்கிறார்கள்.

செம்பூர் அக்கா:
இருமல் இரண்டு வாரம் தாண்டியிருந்தால் காசநோயா என்று பார்க்க முதலில் சளிப் பரிசோதனை செய்யுங்கம்மா, அரசு மருத்துவமனையில் இலவசம். அப்புறம் பீடியை விடுவதற்கு, புகையிலையை நிறுத்த உதவும் அரசின் இலவச எண் 1800-11-2356க்கு அவரையே பேசச் சொல்லுங்கள்.