மறு: சானிகேட்டர், ஃபிரெஞ்ச் பிரஸ், பீட் பீட்டர் – தமிழில் என்ன சொல்லலாம்?

> பாக்டீரியா செல்லை உடைக்கும் கருவிகள் எல்லாவற்றுக்கும் 'செல் சிதைப்பான்' என்று ஒரே பெயர் போட்டுவிட்டு, ஒலி, அழுத்தம், மணி என்று முன்னால் ஒட்டிக்கொண்டால் போதாதா? நம் ஆய்வகக் கையேட்டில் எதை வாங்குவது என்ற இயலுக்குத்தான் கேட்கிறேன்.

வணக்கம் ஐயா.

'சிதைப்பான்' வேண்டாம் என்பேன். செல்சுவரைத் திறந்து, உள்ளே இருக்கும் புரதத்தைக் கெடாமல் வெளியே எடுப்பதுதான் இங்கே வேலை. புரதம் சிதைந்தால் எல்லாமே வீண். 'உடைப்பி' போதும்.

சானிகேட்டருக்கு 'மீயொலி உடைப்பி'. பெரும்பாலானவை நொடிக்கு 20,000 அதிர்வில் ஓடுபவை, மனிதக் காதின் எல்லையை ஒட்டி. ஆனாலும் பக்கத்தில் நின்றால் கீச்சென்ற சத்தம் காதைத் துளைக்கும். டைட்டானியம் முனை அதிரும்போது திரவத்தில் நுண்குமிழிகள் தோன்றி நொறுங்குகின்றன. அந்த அதிர்ச்சியும் உராய்வும்தான் செல்லை உடைக்கின்றன. கூடவே சூடும் ஏறும். அதனால்தான் குழாயைப் பனிக்கட்டியில் புதைத்து, சில நொடி ஓட்டி, அதைவிடக் கூடுதல் நேரம் நிறுத்தி ஆறவிடுகிறார்கள். முனை மேலாக இருந்தால் நுரைத்துவிடும். நுரையில் புரதம் கெடும். பால் மாதிரி கலங்கலாக இருந்தது மெல்லத் தெளிந்துவந்தால் செல்கள் உடைந்திருக்கின்றன என்று அர்த்தம்.

ஃபிரெஞ்ச் பிரஸ்ஸை 'பிரெஞ்சு நாட்டு அழுத்தி' ஆக்கிவிடாதீர்கள். சார்லஸ் ஸ்டேசி ஃபிரெஞ்ச் என்ற அமெரிக்க ஒளிச்சேர்க்கை ஆய்வாளரின் பெயர் அது. 'அழுத்தி'யும் சரிவராது. எஃகு உருளைக்குள் சதுர அங்குலத்துக்கு 20,000 பவுண்டு வரை அழுத்தம் ஏற்றினாலும், அந்த அழுத்தத்தில் சும்மா இருப்பதால் மட்டும் செல் உடைவதில்லை. ஊசி வால்வின் சந்து வழியாகப் பீறிட்டு வெளியே வருகிற இடத்தில், அழுத்தம் சட்டென்று விழும்போதுதான் உடைகிறது. இடியாப்ப உரல் மாதிரி பிழிகிற கருவி. ஆகவே 'ஃபிரெஞ்ச் பிழிபொறி'.

பீட் பீட்டர்தான் படுத்துகிறது ('பீட்' என்றால் மணி). 'மணியுடைப்பி' என்றால் கல்லுடைப்பி கல்லை உடைப்பதுபோல மணியை உடைக்கும் கருவி ஆகிவிடும். 'மணியாட்டி' என்றால் பூசாரி நினைவுக்கு வருவார். 'பாசிமணி' அழகான சொல்; ஆனால் பாசி வளர்க்கிற ஆய்வகத்தில் குழப்பும். 'மணிக்குலுக்கி' என்று வைக்கலாம். கண்ணாடி மணிகளோடு மூடிய குழாயை வேகமாகக் குலுக்குவதுதானே அது? பாக்டீரியாவுக்கு 0.1 மி.மீ. மணி, ஈஸ்ட்டுக்கு 0.5 மி.மீ. மணி என்பது வழக்கம்.

இப்படி வைத்தால் பெயரே தேர்வுக்கு வழிகாட்டும். ஈ.கோலை போன்ற மெல்லிய சுவர்க்காரருக்குச் சில மில்லிலிட்டர்தான் என்றால் மீயொலி உடைப்பி தாராளம். தடித்த சுவருள்ள ஸ்டெஃபைலோகாக்கஸ், மெழுகுப் போர்வை போர்த்திய காசநோய்க் கிருமி ஆகியவற்றுக்கு மணிக்குலுக்கி. அதிலும் காசநோய்க் கிருமியைத் திறந்த குழாயில் மீயொலிக்குக் கொடுப்பது ஆபத்து. கண்ணுக்குத் தெரியாத திவலைகள் காற்றில் பறக்கும். பாதுகாப்புப் பெட்டிக்குள்தான் செய்யவேண்டும். மூடிய குழாய் என்பது மணிக்குலுக்கியின் பெரிய சாதகம். இதைக் கையேட்டில் தடித்த எழுத்தில் போடுங்கள்.

> எங்கட பக்கம் பாடநூலிலயே 'கலம்' தான். செல் எண்டு ஏன் எழுதவேணும்?

இலங்கை நண்பருக்கு: 'கலம்' எனக்கும் பிடித்த சொல்தான். கலச்சுவர், கலமென்சவ்வு என்று புணர்ச்சிக்கு நன்றாக வளைகிறது. 'செல்சுவர்' நாக்கில் முட்டுகிறது. ஆனால் இந்தக் கையேடு தமிழ்நாட்டுக் கல்லூரிகளுக்கு. அங்கே மாணவர் பள்ளியிலிருந்தே செல் என்று படித்து வருகிறார். அடைப்புக்குறியில் கலம் என்று முதல் முறை மட்டும் கொடுத்துவிடலாம். கருவிப் பெயர்களில் 'செல்' என்ற சொல்லையே நான் சேர்க்கவில்லை என்பதையும் கவனியுங்கள். இரு கரைக்கும் அவை அப்படியே பொருந்தும்.

லைசோசைம் ஊற்றிச் சுவரை அறுப்பதை இந்தப் பட்டியலில் சேர்க்கவேண்டாம். அது நொதி, கருவி அல்ல. தனிப் பத்தியில் வரட்டும்.

மிச்சம் ஹோமோஜினைசர், அதாவது பாலை ஒரே சீராக்கும் கருவி. லிட்டர் கணக்கில் உடைக்க அதுதான். 1899இல் பாலுக்காக ஓகுஸ்த் கோலேன் காப்புரிமை பெற்ற கருவி பின்னாளில் உயிரித்தொழிலுக்கு வந்தது. 'ஒருபடித்தாக்கி' என்பது பாலுக்குச் சரி. செல் உடைக்கையில் என்னத்தை ஒருபடித்தாக்குகிறோம்? 'உயரழுத்தப் பிழிபொறி' என்றால் ஃபிரெஞ்சின் கருவியோடு ஒரே குடும்பமாகிவிடும், இயங்கும் முறையும் அதுவேதான். பால் பண்ணையில் வேலை பார்த்தவர் யாராவது குழுவில் இருந்தால், அங்கே வாய்வழக்கில் என்ன சொல்கிறார்கள் என்று எழுதுங்கள்.